மூத்தவனுக்கு வைத்த பெயர்

அத்தியாயம் 11

“கூடப் பிறந்தவங்கன்னு எனக்கு யாரும் இல்ல டாக்டர்” என்று சொல்லிவிட்டு அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தது திங்கட்கிழமை. இன்று வியாழன். இந்த மூன்று நாளில் அந்தப் பேச்சில் அவர் ஒரு வார்த்தை கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

டாக்டரம்மா எதையும் மறைக்கவில்லை. எலும்புக்குள் இருக்கிற மஜ்ஜை ரத்தம் உண்டாக்குவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டது. ஏற்றுகிற ரத்தமெல்லாம் ஓட்டைப் பானையில் ஊற்றின தண்ணீர். வேறொருவரின் மஜ்ஜை வேண்டும். பிள்ளைகளுடையது பாதிதான் பொருந்தும். அப்பாவின் உடம்பு இருக்கிற இருப்பில் அது ஆபத்து. மஜ்ஜை கொடுக்க முன்வந்தவர்களின் பதிவேட்டில் தேடியதில் இதுவரை யாரும் கிடைக்கவில்லை. உடன்பிறந்தவர் யாராவது இருந்தால் முழுசாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு உண்டு.

“ஒரே ஒருத்தர் இருந்தாலும் போதும்” என்று டாக்டரம்மா மறுபடியும் கேட்டுப் பார்த்தார்.

அப்பா சுவரைப் பார்த்தபடியே, “உங்க முன்பல் ரெண்டும் சொந்தப் பல் இல்லையே, யார் செஞ்சு கொடுத்தது?” என்று கேட்டார். முப்பது வருஷமாகப் பல் செட் செய்கிறவர். பேச்சை மாற்றவேண்டும் என்றால் அவருக்கு எதிராளியின் பல்தான் கிடைக்கும்.

வியாழக்கிழமை காலையில் மூத்த மகன் மனு நாலாவது மாடியில் லிஃப்டை விட்டு இறங்கினான். லிஃப்ட் மெக்கானிக். நிற்கும்போது அது லேசாக உதறியதைக் கவனித்துவிட்டு, இது நம்ம வேலை இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நடந்தான்.

நடைபாதை பெஞ்சில் அவன் மனைவி உட்கார்ந்திருந்தாள். ஆறு மாத வயிறு. மடியில் அப்பாவின் வேதப் புத்தகம். அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை அவளுக்கு. ஞாயிற்றுக்கிழமையிலும் காதில் பென்சில் இருக்கும். எதைக் கொடுத்தாலும் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிற பழக்கம்.

“பாப்பாவுக்குப் பேர் தேடறேன்” என்றாள். “பின்னாடி பேருக்கெல்லாம் அர்த்தம் போட்டிருக்கு. எபிரெய மொழியில என்ன, தமிழ்ல என்னன்னு. உங்க பேர்கூட இருக்கு.”

“எனக்குத் தெரியும். மன ஆசை.”

மனாசே என்ற முழுப் பெயரை வைத்துப் பள்ளிக்கூடத்தில் அதுதான் கேலி. ‘மனாசே, யார் மேலடா மன ஆசை?’ என்று வாலிப வயசு வரை துரத்தினார்கள். வீட்டுக்கு வந்து அழுதபோது அம்மா தலையைத் தடவி, ‘மனசார ஆசைப்பட்டுப் பெத்த பிள்ளைடா நீ, அதான் அந்தப் பேர்’ என்று சொன்னாள். அம்மா போய் நாலு வருஷம் ஆகிறது. அந்த அர்த்தத்தை அவன் இதுவரை யாரிடமும் சரிபார்த்ததில்லை.

“அது இல்ல. மறக்கச் செய்கிறவன்னு போட்டிருக்கு” என்று அவள் சிரித்தாள். “பொருத்தமாத்தான் வச்சிருக்கார் மாமா. பால் வாங்கிட்டு வாங்கன்னா கையை வீசிக்கிட்டு வர்ற ஆளுக்கு வேற என்ன பேர் வைப்பாங்க?”

“மறக்கச் செய்கிறவன்தானே? மறக்கிறவன் இல்லையே?”

“அட, ஆமா.” பென்சிலால் அந்த வரியைத் தொட்டாள். “எந்த இடத்துல வருதுன்னும் போட்டிருக்கு. இருங்க.”

மேற்கோள் எண் கண்ணில் பட்டால் எடுத்துப் பார்க்காமல் விடமாட்டாள். பக்கங்களைப் புரட்டினாள். சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே வாசிக்க ஆரம்பித்தவள், முடிக்கும்போது சிரிப்பு இல்லாமல் நிமிர்ந்தாள்.

“என்ன?”

“யோசேப்புன்னு ஒருத்தர். கூடப் பிறந்தவங்களே அவரைப் பிடிச்சு அடிமையா வித்துடறாங்க. ஜெயில்ல எல்லாம் கிடந்து, கடைசியில வேற தேசத்துல பெரிய அதிகாரி ஆயிடறார். அங்க கல்யாணம் ஆகி முதல் பையன் பிறக்கிறான். அவனுக்கு வைக்கிற பேர்தான் இது.”

“சரி.”

“ஏன் வச்சார்னும் இருக்கு. ‘நான் பட்ட கஷ்டத்தையும், என் அப்பா வீட்டு மனுஷங்க எல்லாரையும் கடவுள் எனக்கு மறக்கடிச்சுட்டார்’, அந்த அர்த்தத்துல.”

நடைபாதையில் யாரோ சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

“எல்லாரும்னா யாரு?” என்றான் மனு, மெதுவாக. “யாருமே இல்லைன்னுதானே சொன்னார்?”

அவள் அடுத்த வரியைக் காட்டினாள். யோசேப்புக்கு இரண்டாவது பிள்ளை. எப்பிராயீம். கஷ்டப்பட்ட மண்ணிலேயே கடவுள் என்னைக் கனி தரச் செய்தார் என்று பொருள்.

மனுவுக்கு அடுத்துப் பிறந்தவள் அவன் தங்கை. சான்றிதழில் இருப்பது அம்மா பார்த்து வைத்த பேர். அப்பா வைத்து, வீடும் தெருவும் கூப்பிட்ட பேர் ஒன்றுதான்.

கனி.

பத்தரை மணிக்குக் கனி வந்தாள். குடிநீர் அலுவலகத்தில் தொலைபேசியில் புகார் வாங்குகிற வேலை. ஊர்க்காரர்களுடைய குறையை நாளெல்லாம் பொறுமையாகக் கேட்டுக் கேட்டு, வீட்டுக்கு என்று கொஞ்சம்கூடப் பொறுமை மிச்சம் வைக்காதவள்.

அண்ணி சொல்லி முடிக்கவில்லை, கைப்பையைப் பெஞ்சில் போட்டுவிட்டு எழுந்தாள்.

“அண்ணா, வா.”

“இரு. எடுத்தேன் கவிழ்த்தேன்னு போய்க் கேக்க முடியாது. உடம்பு முடியாதவர்.”

“முடியாதவர்னுதான் கேக்கறேன். நல்லா இருந்தா எதுக்குக் கேக்கப் போறேன்?”

நர்ஸிடம் ஐந்து நிமிஷம் கெஞ்சி வாங்கி, முகத்துக்குத் துணி கட்டி, மேலே பச்சை அங்கி போட்டுக்கொண்டு இருவரும் உள்ளே போனார்கள். அப்பா தலையணையில் சாய்ந்திருந்தார். கைகள் போர்வைக்கு வெளியே கிடந்தன. மெழுகும் பிளாஸ்டரும் பிடித்துப் பிடித்து, நகக்கண்ணில் எப்போதும் ஒரு வெள்ளைக் கோடு இருக்கும். மருத்துவமனையில் அதையும் கழுவிவிட்டிருந்தார்கள்.

“எனக்கு ஏம்ப்பா கனின்னு பேர் வச்சீங்க?” என்றாள் கனி.

அப்பா மகளைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். இரண்டு பேரும் சேர்ந்து வந்து நிற்பதிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. பொய் சொல்லத் தெம்பு வேண்டும்; அது அவரிடம் இல்லை.

“மருமக கண்டுபிடிச்சாளா?”

“ஆமா.”

“அவகிட்ட புத்தகத்தைக் கொடுத்திருக்கக் கூடாது” என்றார். கண்ணை மூடிக்கொண்டார். “ஒரு அண்ணன் இருக்கான்.”

கனி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“நாலு வயசு மூத்தவன். எங்கப்பாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு. கை, கால், பேச்சு எல்லாம் போய்ப் படுத்த படுக்கை. அம்மா வேலைக்குப் போவா. அண்ணன் ஆலையில ராத்திரி ஷிஃப்ட். பகல்ல நான் பார்த்துக்கணும். அன்னைக்கு மைதானத்துல பந்தயம். ஒரு மணி நேரத்துல வந்துடலாம்னு கதவைச் சாத்திட்டுப் போனேன்.”

மூச்சு வாங்கினார். மனு தண்ணீரை எடுத்தான். வேண்டாம் என்று தலையை அசைத்தார்.

“மூணு மணி நேரம் ஆயிடுச்சு. திரும்பி வர்றேன், வீட்டு வாசல்ல கூட்டம். ஸ்டவ்வுல இருந்து தீ. அப்பா போயிட்டார். உள்ள பாய்ஞ்சு அவரை இழுத்துட்டு வந்த அண்ணனுக்கு ரெண்டு கையும் முழங்கை வரைக்கும் வெந்து போச்சு. அம்மா ஓடி வந்து கேட்டா, ‘யாருடா கூட இருந்தது?’ நான் வாயைத் திறக்கல. அவன் சொன்னான், ‘நான்தாம்மா.’”

“அப்பா...”

“என் பழியை அவன் தூக்கிக்கிட்டான் கனி. நான் விட்டுட்டேன். இப்ப சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு எட்டு மாசம். அந்த எட்டு மாசமும் அம்மா அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசல. கட்டுப்போட்ட கையோட அவன் சாப்பாட்டுக்கு உட்காருவான், அம்மா எழுந்து போயிடுவா. எதிர்ல உட்கார்ந்து நான் சாப்பிடுவேன். ஒரு நாள் காலையில நான் வீட்டை விட்டுக் கிளம்பினவன்தான். முப்பத்தெட்டு வருஷம்.”

“அவர் இருக்காரா?” என்று கேட்டான் மனு.

“இருக்கான். ஒன்றரை மணி நேரப் பயணம். நாற்காலி, மேஜை வாடகைக்கு விடறான். ரெண்டு வருஷம் முன்னாடி அந்த ஊர்ல ஒரு கல்யாணத்துக்குப் போனோமே, வயித்து வலின்னு சாப்பிடாமக்கூடத் திரும்பினேன்? நாற்காலி முதுகுல எல்லாம் அவன் பேர் எழுதியிருந்தது. முந்நூறு நாற்காலி. எங்க உட்காருவேன் நான்?”

கனி அழுதுகொண்டிருந்தாள். ஆனாலும் கேட்டாள். “நான் போய்க் கூட்டிட்டு வர்றேம்ப்பா. தானாடாட்டியும் தசை ஆடும்னு சொல்வாங்க. வருவார்.”

“வருவான். கேட்டா கொடுப்பான். அதுதான் வேண்டாங்கறேன்.” அப்பாவின் குரல் முதல்முறையாக உயர்ந்தது. “அவன் நல்ல பேரை எடுத்துக்கிட்டேன். அவன் அம்மாவை எடுத்துக்கிட்டேன். இப்ப எலும்புக்குள்ள இருக்கிறதையும் கொடுன்னு கேக்கச் சொல்றியா? இது என் பேச்சு. மீறக் கூடாது.”

நர்ஸ் கதவைத் தட்டினாள்.

வெளியே பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள்.

“நான் போகத்தான் போறேன்” என்றாள் கனி.

“அவர் வேண்டாம்னு சொல்லிட்டார். அவர் உடம்பு, அவர் முடிவு.”

“உடம்பு அவரோடது. அப்பா என்னோடவர். ஆனா உன்கிட்ட பேசி என்ன பிரயோஜனம்? மேல போன்னா மேல, கீழ போன்னா கீழ, உன் லிஃப்ட் மாதிரியே நீ.”

மனு கோபப்படவில்லை. அவனுக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. மனசார ஆசைப்பட்டுப் பெற்ற பிள்ளை இல்லை அவன். ஒரு மனிதர் தன் குற்றத்தை மூடப் போட்ட மூடி. முப்பத்தோரு வருஷமாகத் தெருவிலும் பள்ளியிலும் வேலை இடத்திலும் அவனைக் கூப்பிட்டவர்கள் எல்லோரும், அவனுக்குத் தெரியாமலே, ‘மறந்துபோ, மறந்துபோ’ என்று அப்பாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அவன் மனைவி இன்னும் படித்துக்கொண்டிருந்தாள். “ஒண்ணு கவனிச்சீங்களா?” என்றாள். “இந்த யோசேப்பு பிள்ளைக்கு மறதின்னு பேர் வச்சாரே தவிர, மறக்கவே இல்ல. பேர் வச்சதுக்கு அப்புறம்தான் பஞ்சம் வந்து, வித்த அண்ணனுங்களே தானியம் வாங்க வந்து நிக்கறாங்க. பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கிட்டுத் தனி அறைக்குப் போய் அழறார். மறுபடி வந்து அதட்டிப் பேசறார். மறுபடி போய் அழறார். முடியல அவருக்கு. கடைசியில ‘நான்தான்’னு சொன்ன பிறகுதான் நிம்மதி.”

“அந்த ஆள் மேல தப்பு இல்லையே” என்றான் மனு.

“தப்பு யார் மேலயா இருந்தா என்ன? யாராவது ஒருத்தர் வாயைத் திறக்கணும்ல.”

மனு எழுந்தான். இந்த முறை நர்ஸிடம் கெஞ்சவில்லை. அங்கியை மாட்டிக்கொண்டு தனியாக உள்ளே போனான்.

அப்பா விழித்துத்தான் இருந்தார்.

“ஒண்ணு கேக்கறேன். நான் பிறந்ததுல உங்களுக்குச் சந்தோஷமாப்பா?”

அவர் தலையணையில் கொஞ்சம் நிமிர்ந்தார்.

“உன்னைக் கையில கொடுத்தாங்க. மூணு நாள் ஆச்சு. அந்த மூணு நாளும் எனக்கு அண்ணன் ஞாபகமே வரல. ஏழு வருஷத்துல முதல் தடவை, ராத்திரி தீ நாத்தம் இல்லாமத் தூங்கினேன். அவ்வளவு சந்தோஷம். அதனாலதான் அந்தப் பேர். கையோட போய் எழுதிக் கொடுத்துட்டேன்.”

“அப்புறம்?”

“நாலாவது நாள் உங்கம்மா உன்னைக் குளிப்பாட்டித் துண்டுல சுத்திக் கொடுத்தா. பக்கவாட்டுல பார்த்தேன். அந்தக் காது அச்சு அசல் அவன் காது. மடல் ஒட்டிக்கிட்டு.” அப்பாவின் உதடு நடுங்கியது. சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. “பேரை மாத்த முடியுமா? எழுதிக் கொடுத்தாச்சு. உன் தலையில எண்ணெய் தேய்ச்சாலும் அவன், உனக்கு முடி வெட்டினாலும் அவன். என்னை யார்டா மறக்க விட்டா?”

மனு கட்டிலோரம் உட்கார்ந்தான். உட்காரக் கூடாது என்று எழுதிப் போட்டிருந்தார்கள்.

“நான் மஜ்ஜை கேட்டுப் போகலப்பா. அதை விடுங்க. ஆனா அவருக்கு உண்மை தெரியணும்ல? முப்பத்தெட்டு வருஷமா ஊர் அவரைச் சொல்லிக்கிட்டிருக்கும். நீங்க சொல்லாமப் போயிட்டா அது அப்படியே நின்னுடும்.”

சொட்டுக் குழாயில் மருந்து இறங்குவதை அப்பா பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீ சொல்லக் கூடாது” என்றார் கடைசியில். “அது நான் சொல்லவேண்டியது. வரச் சொல்லு. வாங்கறதுக்கு இல்ல. தம்பி ஒரு விஷயம் சொல்லணுமாம்னு மட்டும் சொல்லு.”

பன்னிரண்டு மணி பஸ். ஒன்றரை மணி நேரம். கடையைக் கண்டுபிடிக்கச் சிரமம் இருக்கவில்லை. தகரக் கொட்டகை, உள்ளே கூரை வரை அடுக்கிய சிவப்பு நாற்காலிகள். வாசலில் ஒருவர் ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார். அரைக்கைச் சட்டை. முழங்கை வரை தோல் சுருங்கி, மழைக்குப் பிறகு காய்ந்த களிமண் மாதிரி மினுங்கியது. இரண்டு விரல்கள் மடங்கவில்லை. மற்ற மூன்றை வைத்து வேலை நடந்துகொண்டிருந்தது.

மனு எதிரில் போய் நின்றான்.

“சொல்லுங்க தம்பி. எத்தனை நாற்காலி? நல்லதா, கெட்டதா? கெட்டதுன்னா உடனே அனுப்பிடறேன், நல்லதுன்னா நாள் பார்த்துச் சொல்றேன்.”

“நாற்காலி இல்லைங்க.”

“மேஜையா?” ரசீதுப் புத்தகத்தைத் திறந்தார். “பேர் சொல்லுங்க.”

“மனாசே.”

எழுதினார். பாதியில் பேனா நின்றது. நிமிர்ந்து பார்த்தார், முகத்தை, தோளை, மறுபடி முகத்தை.

“வீட்டுல மூத்தவரா?”

“ஆமா.”

“அந்தப் பேரை மூத்தவனுக்குத்தான் வைப்பாங்க.” குரல் இறங்கிவிட்டது. “அப்பா பேர்?”

மனு சொன்னான்.

தன் நாற்காலிகளில் தானே உட்காராத மனிதர் அவர். கடைச் சிப்பந்திகள் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். இப்போது துடைத்து வைத்த ஈர நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“உசிரோட இருக்கானா?”

“இருக்கார் பெரியப்பா. ஆஸ்பத்திரியில. மஜ்ஜை கெட்டுப் போச்சு.” சொல்லக் கூடாது என்று நினைத்து வந்தது வாயில் வந்துவிட்டது. “அதுக்காக நான் வரல. தம்பி ஒரு விஷயம் சொல்லணுமாம், வரச் சொன்னார். அவ்வளவுதான்.”

“மறக்கச் செய்கிறவன்” என்று பெரியப்பா தனக்குள் சொன்னார். “அப்படியா வச்சான் உனக்கு? மறந்துட்டானா?”

“இல்ல பெரியப்பா.”

அவர் எழுந்தார். சிப்பந்தியைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்தார். “வீட்டுக்குப் போய்ச் சொல்லிடு. தம்பியைப் பார்க்கப் போயிருக்கேன்னு.” அந்த ஆள், எந்தத் தம்பி என்று விழித்துக்கொண்டு நின்றான்.

பஸ்ஸில் ஜன்னலோரம் பெரியப்பாவுக்குக் கொடுத்தான் மனு. ஊர் எல்லை தாண்டும்வரை அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, “வீட்டை விட்டு எதுக்குப் போனேன்னு உன்கிட்ட சொன்னானா?” என்று கேட்டார்.

மனு தயங்கினான். “அதை அவரே சொல்லணுமாம்.”

“எனக்குத் தெரியும். என் முகத்துல விழிக்கப் பிடிக்காமப் போனான்.”

“உங்க முகத்துலயா? எதுக்கு?”

“எங்கப்பாவைக் கொன்னவன் நான்.”

பஸ் ஒரு குழியில் இறங்கி ஏறியது. மனு காதில் விழுந்தது சரிதானா என்று அவரைப் பார்த்தான்.

“அன்னைக்கு ஆலையில சம்பள நாள். ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சும், வரிசையில நின்னு வாங்கிட்டு மத்தியானம்தான் வீட்டுக்கு வந்தேன். தம்பி இல்ல. சின்னப் பையன், எங்கயாவது போயிருப்பான், போகட்டும். நான்தான் வந்துட்டேனே. அப்பா பால் கேட்டார். கையைக் காட்டினா எனக்குப் புரியும். ஸ்டவ்வைப் பத்தவச்சுப் பாலை வச்சேன். சூடாகட்டும்னு பாயில சாய்ஞ்சேன். ரெண்டு நிமிஷம்தான். பதினாறு மணி நேரம் முழிச்சிருந்த கண்ணு.” தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “முழிச்சப்போ அப்பா கட்டில் எரியுது. அம்மா வந்து, யாருடா இருந்ததுன்னு கேட்டா. நான்தாம்மான்னேன். உண்மையைத்தானே சொன்னேன்?”

மனு அந்தக் கைகளையே பார்த்தான்.

“அதுக்கப்புறம் அம்மா ஏழு வருஷம் இருந்தா. கடைசி மாசத்துல என் கையைப் பிடிச்சுக்கிட்டா. ஆனா தம்பி என்னை மன்னிக்காமயே போயிட்டான்னு நினைச்சேன். என் கல்யாணத்துக்குச் சொல்லி அனுப்ப விலாசம்கூட இல்ல. எதிர்ல உட்கார்ந்து தலை நிமிராமச் சாப்பிடுவான், பாவம். என்னைப் பார்க்கப் பிடிக்கலன்னு நினைச்சேன்.” நிறுத்தினார். மனுவின் முகத்தைப் பார்த்தார். “ஏம்ப்பா அழறே? அவன் சொல்லவேண்டிய விஷயம் என்ன?”

மனு வாயைப் பொத்திக்கொண்டான். வாக்குக் கொடுத்திருந்தான். ஆனால் அவன் முகத்தில் எழுதியிருந்ததைப் படிக்கப் பெரியப்பாவுக்குப் படிப்பு தேவைப்படவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் இரண்டு கையாலும் முன் இருக்கைக் கம்பியைப் பற்றிக்கொண்டார்.

“ஐயோ, தம்பி” என்றார். “ஐயோ, முட்டாப் பயலே.”

மாலை நாலரைக்கு அவர்கள் நாலாவது மாடிக்கு வந்தபோது அப்பாவை அந்த அறையில் காணோம். கனி ஓடி வந்தாள்.

“ரெண்டு மணிக்குக் காய்ச்சல் ஏறிடுச்சு. நூத்தி மூணு. கண்ணாடி ரூமுக்கு மாத்திட்டாங்க. யாரையும் உள்ள விடமாட்டாங்க.” அப்புறம்தான் அண்ணனுக்குப் பின்னால் நிற்கிறவரைப் பார்த்தாள். அவர் காதைப் பார்த்தாள். அண்ணன் காதைப் பார்த்தாள். யார் என்று கேட்கவில்லை.

“பெரியப்பா” என்றாள்.

அவர் அவள் தலையில் கை வைத்தார். மருமகளையும் அருகில் கூப்பிட்டு அவள் தலையிலும் வைத்தார். மடங்காத விரல்கள் முடியில் சிக்கிக்கொண்டன.

டாக்டரம்மா வந்து பேசினார். வயது அறுபத்திரண்டு, உடம்பு தாங்குமா என்று பார்க்கவேண்டும், முதலில் ரத்தம் பொருந்துகிறதா என்று தெரியவேண்டும். பெரியப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ரத்தம் எடுக்க வந்தவர் அந்தக் கையில் நரம்பு தேடிக் களைத்துப்போய், கடைசியில் தோளுக்குப் பக்கத்தில் எடுத்தார். முடிவு வர ஐந்து நாள் ஆகும்.

“அஞ்சு நாள் அவர் தாங்குவாரா?” என்று கனி கேட்டாள். டாக்டரம்மா அவள் முதுகைத் தட்டிவிட்டுப் போனார்.

கண்ணாடிக்கு முன்னால் பெரியப்பா நின்றார். உள்ளே கட்டிலில் ஒரு மெலிந்த மனிதன். இருபது வயதில் விட்டுப் போன தம்பியை அந்த முகத்தில் தேடினார். எங்கேயோ கண்டுபிடித்துவிட்டார் போலிருக்கிறது, நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்துக்கொண்டார்.

அப்பா கண்ணைத் திறந்தார்.

முதலில் ஒன்றும் விளங்காத பார்வை. பிறகு கண்ணாடியில் பதிந்திருந்த அந்தக் கைகளைப் பார்த்தார். எழுந்து உட்கார முயன்று, முடியாமல் ஒரு முழங்கையை ஊன்றினார். உதடுகள் அசைய ஆரம்பித்தன. ஒரு சத்தமும் வெளியே வரவில்லை.

இந்தப் பக்கம் பெரியப்பாவும் பேச ஆரம்பித்திருந்தார். கண்ணாடி கனமானது. இரண்டு பேரும் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டு பேசினார்கள்.

கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு பேசும் பெட்டி இருந்தது. சிவப்புப் பொத்தானை அழுத்தினால் உள்ளே இருப்பது வெளியே கேட்கும், வெளியே பேசுவது உள்ளே கேட்கும்.

மனு அதன் மேல் விரலை வைத்தான். வைத்தவன் அழுத்தவில்லை.

பஸ்ஸில் கேட்டது கனிக்குத் தெரியாது. மனைவிக்கும் தெரியாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நூற்று மூன்று டிகிரிக் காய்ச்சலில் கிடக்கிறவருக்கும் தெரியாது. அவர் செய்யாத குற்றத்துக்காக முப்பத்தெட்டு வருஷம் ஒரு வீட்டை, ஒரு தாயை, ஒரு அண்ணனை இழந்திருக்கிறார். அதை இப்போது கேட்டால் அவர் பாரம் இறங்குமா, இல்லை, வீணாய்ப் போன அத்தனை வருஷமும் ஒரேயடியாக அவர் நெஞ்சில் விழுமா? காய்ச்சல் இறங்கட்டும், நாளைக்குச் சொல்லலாம் என்று ஒரு குரல் அவனுக்குள் சொன்னது.

நாளைக்குச் சொல்லலாம். அப்பாவும் எட்டு மாசம் அப்படித்தான் நினைத்தார்.

“என்னடா பார்த்துக்கிட்டு நிக்கறே? அழுத்து” என்றாள் கனி.

மனாசே அழுத்தினான்.

முதலில் மூச்சிரைப்பு கேட்டது. பிறகு அப்பாவின் குரல், உடைந்து, ஒரு சின்னப் பையனுடைய குரல் மாதிரி: “...அண்ணே, அன்னைக்கு வீட்டுல இருந்திருக்க வேண்டியவன் நான்தாண்ணே...”

“இருடா” என்றார் பெரியப்பா. “முதல்ல நான் சொல்லிடறேன்.”